முதலாளி கை தூக்கினவர்

மொன்றியலில் இருபது வருடத்துக்கு மேலாக நாங்கள் குடும்பமாகச் சுவிஸ் நாட்டார் இசை வாசித்தோம். நான் வயலின். தம்பி ஹக்பிரெட், அது ஒரு தட்டையான மரப்பெட்டி, மேலே நெருக்கமாகக் கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும், இரண்டு மெல்லிய குச்சிகளால் தட்டி வாசிப்பது. அம்மா செலோ. அப்பா, ஆளைவிட உயரமான பேஸ் வயலின். அப்பாவும் அம்மாவும் திருகோணமலை. தம்பியும் நானும் பிறந்தது சுவிற்சர்லாந்தின் கிழக்குப் பக்கத்தில், மலையையும் மாடுகளையும் தவிர அதிகம் ஏதுமில்லாத ஒரு கிராமத்தில்.

மேடையை விட்டு இறங்கினால் எல்லாரும் கேட்பார்கள், நீங்கள் எப்படி இந்த இசைக்கு வந்தீர்கள் என்று. வெள்ளைக்காரரும் கேட்பார்கள், தமிழரும் கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டு, "அங்கை இருந்தனாங்கள், பழகினனாங்கள்" என்று முடித்துவிடுவார். பிரெஞ்சிலும் அதே இரண்டு வசனம்தான். அந்த இரண்டு வசனத்துக்கு நடுவில் இருந்ததை அவர் எங்களுக்கே சொல்லவில்லை என்பது போன வருடத்துக்கு முதல் வருடம்தான் தெரிய வந்தது.

அப்பா அகதியாகப் போன புதிதில் அவரை அந்தக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு விடுதியின் சமையலறையில் கோப்பை கழுவும் வேலை. விடுதி உரிமையாளரைத்தான் நாங்கள் வாழ்நாள் முழுக்க முதலாளி என்று சொன்னோம். சனிக்கிழமைகளில் முதலாளியும் அவருடைய சொந்தக்காரரும் விடுதியின் பின்னறையில் இருந்து வாசிப்பார்கள். பேஸ் வாசித்த அவருடைய தமையனுக்குப் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. முதலாளி ஒருநாள் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் பிடி, தாளம் தெரிந்தால் போதும் என்றாராம். அப்பாவோ கோயில் மேளத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். அடுத்த குளிர்காலத்துக்குள் அவர்களோடு கலியாணவீடுகளுக்கும் மாட்டுச் சந்தைகளுக்கும் வாசிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தில் இசைக்குழு என்றால் குடும்பம்தான். தகப்பன், பிள்ளைகள், மச்சான்மார். அப்பாவுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. எனக்கு ஆறு வயதில் வயலின். தம்பிக்குக் கை எட்டத் தொடங்கியதும் ஹக்பிரெட். செலோவுக்கு ஆள் இல்லை. அம்மாவைக் கேட்டார்.

"அதைக் காலுக்கிடையிலை வைச்சுக்கொண்டு ஆக்களுக்கு முன்னாலை இருக்கிறதோ? என்னாலை ஏலாது" என்றா அம்மா.

பிறகு எப்படி இணங்கினா என்று தெரியாது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, நீளப் பாவாடை ஒன்றைப் போட்டுக்கொண்டு பழகினா. வெளியே நின்று கேட்டால் முதலில் கதவு கிறீச்சிடுவதுபோல இருக்கும். பிறகு அப்படி இல்லை. எங்கள் நாலு பேரில் உண்மையாக இசை இருந்தது அம்மாவின் கையில்தான். அப்பாவிடம் தாளம் இருந்தது, தம்பியிடம் வேகம், என்னிடம் பயிற்சி. அம்மா ஒரு சுரத்தை இழுத்தால் மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருப்பவர்கள் கதையை நிற்பாட்டிவிடுவார்கள்.

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது அப்பா குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அம்மாவுக்கு அதில் ஒரேயொரு காரணம் இருந்தது. திருகோணமலையில் அவவின் அக்கா நோயாகக் கிடந்தா. அகதிக்குக் கொடுக்கிற பயணப் பத்திரத்தோடு இலங்கைக்குப் போக முடியாது. பாஸ்போட் கிடைத்தால் போகலாம்.

அந்தக் காலத்தில் அந்தக் கிராமத்தில் இதை ஊர்ச்சபை கூடித்தான் முடிவெடுக்கும். பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் ஊரார் கூடியிருந்து கை தூக்கி வாக்களிப்பார்கள். அந்த மண்டபத்தில் நாங்கள் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறோம். அன்றைக்கு எங்களை வெளியே நடையில் நிற்கச் சொன்னார்கள். அம்மாவும் தம்பியும் நானும் சப்பாத்து மாற்றுகிற வாங்கில் இருந்தோம். கதவில் நீளமாக ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. அப்பா அதற்குப் பக்கத்தில் நின்றார்.

பிறகு ஊர்ச்சபை எழுத்தர் வந்து, மிக மரியாதையாக, கைகள் போதவில்லை என்று சொன்னார். எங்கள் ஒவ்வொருவருக்கும் கை தந்தார். தம்பிக்கும். அன்று எங்களோடு விண்ணப்பித்திருந்த ஒரு ஜெர்மன் குடும்பத்துக்குக் கிடைத்துவிட்டது. அவர்கள் உள்ளே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பனிக்குள் வீட்டுக்கு நடந்தோம். நான் அழுதுகொண்டு வந்தேன். நான் அழுவதைப் பார்த்துத் தம்பியும் அழுதான். மாதாகோயில் தாண்டினதும் அப்பா நின்றார்.

"முதலாளி கை தூக்கினவர். நான் கண்டனான்" என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தா. "உண்மையாவோ?"

"ஓம். நான் கண்ணாலை கண்டனான்."

அடுத்த மாரிக்குள் பெரியம்மா செத்துப்போனா. அம்மா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அந்தச் செத்தவீட்டின் பறைச்சத்தத்தைக் கேட்டா. யாரோ ஒரு பொடியன் அங்கே தொலைபேசியை வெளியே பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அம்மா அந்த ஊரில் ஒருவரோடும் தானாகக் கதைத்ததில்லை, முதலாளியோடு தவிர. மாமா மொன்றியலில் இருந்தார். எங்களைக் கூப்பிட்டார். வந்துவிட்டோம்.

கோத்-தே-நேஜ் பகுதியில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடி. அப்பாவுக்குத் துறைமுகப் பக்கத்தில் சாமான்கள் ஏற்றி இறக்குகிற வேலை. எனக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். வயலினும் ஹக்பிரெட்டும் செலோவும் எங்களோடு விமானத்தில் வந்திருந்தன, ஆனால் பேஸ் முதலாளியுடையது, அது அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பேஸ் இல்லாமல் குழு இல்லை. இனி நான் மற்றப் பிள்ளைகளைப்போல இருக்கலாம்.

முதல் கோடையிலேயே அந்தப் பேஸ் கப்பலில் வந்து சேர்ந்தது. முதலாளி பெரிய மரப்பெட்டி அடித்து, வைக்கோல் அடைத்து அனுப்பியிருந்தார். கூடவே எங்கள் நாலு பேருக்கும் அந்த ஊர் உடுப்பு: ஆண்களுக்கு மஞ்சள் அரைக்காற்சட்டை, மாடுகள் தைத்த சிவப்பு மேற்சட்டை, பெண்களுக்கு மடிப்பு மடிப்பான கறுப்புப் பாவாடை. அப்பா வீட்டு முற்றத்தில் வைத்துப் பெட்டியை உடைத்தார். உடைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "பாத்தீரே, எப்பிடிப்பட்ட மனிசன்" என்றார். அம்மா கண்ணைத் துடைத்தா.

இங்கேயுள்ள சுவிஸ்காரரின் சங்கம் எங்களைக் கண்டுபிடிக்க அதிக காலம் எடுக்கவில்லை. அவர்களில் பாதிப்பேருக்கு அந்த நாட்டுப் பாஷையே மறந்துபோயிருந்தது. ஓகஸ்ற் மாதத் தேசிய நாள் விழாவில் நாங்கள் வாசித்தபோது வயதான பெண்கள் அழுதார்கள். ஒருத்தி அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, "எங்களைவிட நீங்கள்தான் உண்மையான சுவிஸ்காரர்" என்றாள். அம்மா மெர்சி என்று நன்றி சொன்னா. காருக்குள் ஏறினதும், "பாஸ்போட் தரேல்லை, பட்டம் தருகினம்" என்றா.

தமிழரிடையே வேறு மாதிரி. அந்த ஊர் ஆண்கள் வலது காதில் ஒரு தோடு போடுவார்கள், அதில் பாலாடை அள்ளுகிற சின்னக் கரண்டி ஒன்று தொங்கும். அப்பா அதற்காகக் காது குத்தியிருந்தார். மொன்றியலுக்கு அடுத்த லவாலில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மாமா எங்களை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார். இரண்டு பாட்டு முடியவில்லை, பின்னால் இருந்து ஒருவர், "அண்ணை, காதிலை என்ன அகப்பையோ?" என்று கத்தினார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. இன்னொருவர் எழும்பி வந்து, "ஒரு எம்.ஜி.ஆர். பாட்டெண்டாலும் போடுங்கோவன்" என்று கேட்டார். அப்பா பேஸைச் சுவரோடு சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். நான் அந்தக் கறுப்புப் பாவாடையோடு, என்னோடு படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் றோல்ஸ் தின்றேன். எனக்கு அப்போது பதினாறு வயது. செத்துப்போகலாம்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. காய்ச்சல் என்றாலும் பயிற்சி, சோதனை என்றாலும் பயிற்சி. தம்பிக்கு ஐஸ்ஹொக்கி ஆசை. ஞாயிறு காலையில்தான் அந்தக் குழு விளையாடும். ஒரு தரம் குச்சிகளை மேசையில் போட்டுவிட்டு, "எங்களை வேண்டாமெண்டு சொன்ன ஆக்களின்ரை பாட்டை நாங்கள் ஏன் வாசிக்கோணும்?" என்று கேட்டான். சரியான கேள்வி. எனக்கும் அதுதான் கேள்வி.

அப்பா பேஸை விட்டுக் கை எடுக்காமல் சொன்னார்: "அங்கை ஒருத்தர் எங்களுக்காகக் கை தூக்கினவர். ஊர் முழுக்கச் சும்மா இருக்க அவர் தனியத் தூக்கினவர். அந்த மனிசனுக்காக வாசி."

தம்பி குச்சிகளைத் திரும்ப எடுத்தான்.

அதற்குப் பிறகு எப்போது முரண்டு பிடித்தாலும் அந்த வசனம்தான் வந்தது. நான் பல்கலைக்கழகத்துக்கு ரொறொன்ரோ போக விரும்பியபோதும் அதுதான். குழுவை உடைச்சுப்போட்டுப் போறியோ, அந்த மனிசன் கேட்டால் என்ன நினைப்பார். நான் மொன்றியலிலேயே படித்தேன்.

அம்மா அந்த வசனத்தை எங்களைவிடக் கூடுதலாக நம்பினா. ஒவ்வொரு நத்தாருக்கும் முதலாளிக்குப் பார்சல் போகும்: மேப்பிள் பாகு, தானே பின்னிய கம்பளிச் சால்வை, ஒருமுறை பருத்தித்துறை வடை கூட. டொலார்ட்டில் முருகன் கோயிலுக்குப் போனால் எங்கள் பெயர்களோடு முதலாளியின் பெயரிலும் அர்ச்சனை செய்விப்பா. ஐயர் நட்சத்திரம் கேட்பார். அம்மாவுக்கு அது தெரியாதே. தன்னுடைய நட்சத்திரத்தைச் சொல்லிவிடுவா.

இங்கே எங்களுக்குக் குடியுரிமை கிடைத்த நாளில் நீதிபதி எல்லோருக்கும் நல்வரவு சொன்னார். எங்களுக்காக ஒருவரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை, எண்ணவும் இல்லை. அம்மா அழுதா. அன்று பின்னேரம் அப்பா வழக்கம்போலப் பயிற்சிக்குக் கூப்பிட்டார். போய் வாசித்தோம்.

இப்படியே வருடங்கள் போயின. எனக்குக் கலியாணமாகி லவாலில் வீடு எடுத்தோம். தம்பி கொள்கலன் லொறி ஓட்டத் தொடங்கினான். எனக்கு இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை.

முதலாளி இறந்துவிட்டதாக ஒரு இலையுதிர் காலத்தில் செய்தி வந்தது. அம்மா கோயிலில் மோட்ச அர்ச்சனை செய்வித்தா. அடுத்த கோடையில் அவருடைய மகள் மொன்றியலுக்கு வந்தாள். என் வயதுக்காரி, சின்ன வயதில் நானும் அவளும் ஒரே புத்தகத்தைப் பார்த்து வயலின் பழகினவர்கள். தேசிய நாள் விழாவுக்கு நாங்கள் வாசிக்கிறோம் என்று தெரிந்தே அந்த நாளுக்கு வந்திருந்தாள்.

அன்று நாங்கள் நன்றாக வாசித்தோம். அந்த ஊரில் சொற்களே இல்லாத ஒரு வகைப் பாட்டு இருக்கிறது, குரலாலும் பாடுவார்கள், வாத்தியத்திலும் வாசிப்பார்கள். அதை அம்மா செலோவில் தனியே எடுத்து, நாங்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வோம். முதலாளியின் மகள் முன்வரிசையில் இருந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் நாங்கள் ஐந்து பேரும் ஒரு மேசையில் இருந்தோம். கடதாசித் தட்டுகளில் சொசேஜும் உருளைக்கிழங்குச் சாலட்டும். எங்கள் பாஷை அவளோடு தானாகவே அந்த ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டது. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உங்களிடம் ஒன்று சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "அப்பா சொல்லிவிட்டுப் போனார். சாகும்வரைக்கும் அவருக்கு அது மனதில் கிடந்தது. அன்றைக்குச் சபையில் கை தூக்காமல் இருந்துவிட்டேன், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன் என்று. சுற்றவர இருந்ததெல்லாம் விடுதிக்கு வருகிற ஆட்கள். பயந்துவிட்டார். நீ போய் அவர்களிடம் மன்னிப்புக் கேள் என்றார்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. அந்த ஊர்ப் பேச்சு விளங்காததால் இல்லை. "எந்தச் சபை?" என்று கேட்டா.

"உங்கள் குடியுரிமைச் சபை." அவள் எங்கள் அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்தானே? கண்ணாடிக்குள்ளால் நீங்கள் அவரைப் பார்த்தீர்களாம். அவரும் உங்களைப் பார்த்தாராம். அதற்குப் பிறகும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகம் கோணவில்லை, அதுதான் தன்னைக் கொன்றது என்று சொல்வார்."

அப்பா முட்கரண்டியால் சாலட்டை ஒதுக்கினார். "அது பழைய கதை. சாப்பிடுங்கள், ஆறிவிடும்" என்றார்.

அவள் அழுதாள். அம்மா அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தா. உங்கள் அப்பா நல்லவர், அதை நினைத்து அழக்கூடாது என்று சொன்னா. அவளை வாசல்வரை கொண்டுபோய்விட்டு, கையசைத்து, கார் போகும்வரை நின்றா. பிறகு வந்து செலோவை உறையில் போட்டு மூடினா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

என்னுடைய வான் வண்டியில்தான் எல்லா வாத்தியமும் ஏற்றுவோம். பேஸ் நடுவில் நீட்டிப் படுத்திருக்கும். நான் ஓட்டினேன். அம்மா முன்னுக்கு. அப்பாவும் தம்பியும் பின்னுக்கு, பேஸின் இரண்டு பக்கமும். டெக்காரி நெடுஞ்சாலையில் வழக்கம்போல வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"நீங்கள் கண்டனீங்களோ?" என்று அம்மா கேட்டா. திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா பேஸின் உறையைச் சரிசெய்தார்.

"இஞ்சாருங்கோ, உங்களைத்தான். அவர் கை தூக்கேல்லை எண்டு கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"பேந்து ஏன் எங்களுக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பிள்ளையள் ரெண்டும் அழுதுகொண்டு வந்ததுகள். நீரும் ஒரு கதையும் இல்லாமல் வந்தனீர். ஒராளெண்டாலும் எங்கடை பக்கம் நிண்டது எண்டு இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

"அண்டைக்குச் சரி. அதுக்குப் பிறகு?"

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. நான் நகர்த்தினேன்.

"சொல்லியிருந்தால் நீர் செலோவைத் தொட்டிருப்பீரோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை."

"அதுதான்."

கண்ணாடியில் தம்பியைப் பார்த்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மெல்லமாகச் சொன்னா: "அக்கா செத்ததுக்கு நான் போகேல்லை. அந்த மனிசனுக்கு மோட்ச அர்ச்சனை செய்தனான்."

"பேஸ் அனுப்பினதும் அதுக்குத்தானாக்கும்" என்றா அம்மா.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் வாத்தியங்களைச் சுருதி சேர்த்துக்கொண்டு காத்திருந்தோம். அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. அப்பா இரண்டு தரம் கூப்பிட்டார்.

"நான் இனி வாசிக்கேல்லை" என்றா. கத்தவில்லை. கீரைக்காம்புகளைப் பையில் போட்டுக் கட்டினா. "நீங்கள் வாசியுங்கோ. எனக்குச் சத்தம் இடைஞ்சல் இல்லை."

இது இரண்டு கிழமையில் மாறிவிடும் என்று அப்பா நினைத்தார். மாறவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அம்மாவும் சண்டை பிடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அம்மா என்னிடம், சின்னவளுக்குக் கார்டெறியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், இடம் கிடைக்கும்வரை தான் வந்து பார்த்துக்கொள்ளட்டோ என்று கேட்டா. ஒரு பெட்டியோடு வந்தா. சின்னவள் கார்டெறிக்குப் போகத் தொடங்கி இப்போது கனகாலம். அம்மா திரும்பிப் போகவில்லை. இங்குள்ள தமிழருக்குத் தெரிந்ததெல்லாம், பேரப்பிள்ளைகளைப் பார்க்க மகள் வீட்டில் இருக்கிறா என்பதுதான். அப்பா வெள்ளிக்கிழமைகளில் பேருந்து மாறி மாறி டொலார்ட்டுக் கோயிலுக்கு வருவார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார்கள். யார் பார்த்தாலும் நல்ல தம்பதி.

நான் ஒருநாள் அம்மாவைக் கேட்டேன், உங்களுக்குச் செலோ வாசிக்க விருப்பம் இல்லையா என்று.

"விருப்பம்தான். அதுதானே எனக்குக் கோபம்" என்றா.

தம்பி அப்பாவின் பக்கம் நின்றான். அது நான் எதிர்பாராதது; குச்சியை மேசையில் போட்டவன் அவன்தானே. "அக்கா, அவர் எங்களுக்காகத்தானே பொய் சொன்னவர்" என்றான்.

"முதல்நாள் எங்களுக்காக. மற்ற நாளெல்லாம் தனக்காக."

"தனக்கெண்டு அவருக்கு வேறை என்ன இருந்தது?"

அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் அந்தக் குளிர்காலத்துக்கு ஏற்கனவே ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளை வாசித்து முடித்துவிட்டு நின்றுவிட்டேன். அப்பா சங்கத்தின் மூலமாக இரண்டு கியூபெக் இளைஞர்களைப் பிடித்தார், வயலினுக்கு ஒருவன், செலோவுக்கு ஒருத்தி. நன்றாக வாசிக்கிறார்களாம். குழுவின் பெயர்ப்பலகையில் 'குடும்பம்' என்ற சொல் இன்னும் இருக்கிறது.

என் வயலின் உடுப்பு அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. ஆனால் பாலத்தில் வாகன நெரிசலில் நிற்கும்போது ஸ்டீரிங்கில் என் இடதுகை விரல்கள் அந்த ஊர் போல்கா நடனப்பாட்டை வாசிக்கும். எனக்கு வேறு இசை தெரியாது. என் வயதுத் தமிழ்ப் பெண்கள் பாடுகிற பாட்டுகளில் எனக்குப் பாதி தெரியாது. பிரெஞ்சுப் பிள்ளைகள் பாடுவதும் தெரியாது. எங்களுக்குக் கை தூக்காத மனிதர்களின் மாட்டுச்சந்தைப் பாட்டுகள் மட்டும், ஒன்று விடாமல், நடு முதுகுவரை இறங்கியிருக்கின்றன. அவற்றை வெட்டி எடுக்க முடிந்தால் எடுத்திருப்பேன்.

இந்த வருடம் வசந்தத்தில் அந்தக் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. கோடையில் நாட்டார் இசை விழா, வெளிநாட்டில் எங்கள் இசையைக் காத்துவரும் குடும்பத்தைக் கௌரவிக்க விரும்புகிறோம் என்று. முதலாளியின் மகள்தான் ஒழுங்கு செய்திருந்தாள். மேடை, அந்தப் பள்ளிக்கூடத்து மண்டபம்.

அப்பா அதை நேரில் சொல்ல என் வீட்டுக்கு வந்தார். புதுச்சேட்டுப் போட்டிருந்தார். அம்மா சின்னவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தா.

"நாலு பேரையும் கூப்பிட்டிருக்கினம்" என்றார்.

"போட்டு வாங்கோ" என்றா அம்மா.

"நீரும் வந்தால்..."

"நான் ஏன்? நீங்கள் போங்கோ. வாசிச்சு முடிய ஆக்களைக் கையைத் தூக்கச் சொல்லுங்கோ. எத்தினை பேர் எண்டு எண்ணிக்கொண்டு வாங்கோ."

சின்னவள், "அம்மம்மா, நோகுது" என்று சிணுங்கினாள். அம்மா சீப்பை இறுக்கிப் பிடித்திருந்தா.

என்னையும் கேட்டார். நான் வேலையைச் சாட்டிச் சொன்னேன். அவருக்குத் தெரியும், நான் மறைக்கவும் இல்லை. அவரும் தம்பியும்தான் போனார்கள். வயலின் முதலாளியின் மகள் வாசித்தாளாம், செலோவுக்கு அந்த ஊர்ப் பொடியன் ஒருவன்.

திரும்பி வந்த அன்று டொர்வால் விமான நிலையத்துக்கு நான் போனேன். தம்பிக்கு அன்று பின்னேரமே லொறி வேலை. அவன் அங்கிருந்தே துறைமுகத்துக்குப் போய்விட்டான். அப்பா முன்சீற்றில் இருந்தார். ஆள் மெலிந்திருந்தார், இருமினார்.

"எப்பிடியப்பா இருந்தது?"

"சனம் நல்ல சனம். எழும்பி நிண்டு கைதட்டினவை. ஊர்த்தலைவர் கேடயம் தந்தவர்."

"அதைப் பற்றி ஆரும் கதைச்சவையோ?"

"எதைப் பற்றி?"

நான் பாலத்தில் ஏறினேன். லவாலுக்குள் இறங்கும்போது, "ஒருத்தரும் கதைக்கேல்லை. அந்த எழுத்தர் இன்னும் உயிரோடை இருக்கிறார். எனக்குக் கை தந்தவர்" என்றார்.

"நீங்கள் கேட்டிருக்கலாமே."

"என்னத்தைக் கேக்கிறது, பிள்ளை?" அவருடைய குரல் உடைந்ததா, இருமலா என்று தெரியவில்லை. "கைதட்டிக்கொண்டு நிக்கிற ஆக்களை என்னத்தைக் கேக்கிறது?"

வீட்டில் அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. இஞ்சி தட்டிப் போட்டிருந்தா, இருமலைக் கேட்டிருக்க வேண்டும். எதிரே கதிரையில் இருந்தா.

"குளிரோ அங்கை?"

"பின்னேரத்திலை குளிர்தான்."

"ம்."

அப்பா இரண்டு மிடறு குடித்தார். "உம்மைக் கேட்டவை. கனபேர் கேட்டவை. செலோ வாசிக்கிற அம்மா எங்கை எண்டு."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"பேரப்பிள்ளையளைப் பாக்கிறா, அதாலை வரேல்லை எண்டனான்."

"நல்லது" என்றா அம்மா. "உங்களுக்குப் பழக்கமான வேலைதானே."

அப்பா தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தார். நான் அவரை மெற்றோவில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.